பஸ் சிரிப்பு மேடை ஏறியது

நான் மேடையில் சொன்ன முதல் ஜோக் என்னுடையது இல்லை. அது பாகலூர்க்காரியுடையது. அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன். ராயக்கோட்டை அக்காவுடையதைக் கேட்காமல் எடுத்தேன். அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. காருக்குள் ஓடும் ஒயர்களை ஒரு பெரிய பலகையில் வரிசையாக வைத்து, டேப் சுற்றி, கிளிப் மாட்டி, ஒரே கட்டாக அனுப்புவோம். நான் லைனின் கடைசியில் நின்று சோதித்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். லைனில் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி பஸ் விடியற்காலையில் ராயக்கோட்டையில் புறப்பட்டு, உத்தனப்பள்ளி வழியாகச் சூளகிரிக்கு வந்து, நெடுஞ்சாலையைப் பிடித்து ஓசூர் போகும். நானும் பாகலூர்க்காரியும் சூளகிரியில் ஏறுவோம். அவள் பிறந்தது பாகலூர், கட்டிக்கொடுத்தது சூளகிரி. வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம், மற்ற நேரத்தில் தமிழ். அக்கா எங்களுக்கு முன்பே ஏறி, மூன்று பேர் சீட்டில் தன் பையை வைத்து இடம் பிடித்திருப்பார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக்காரருக்குத் தக்காளித் தோட்டம் இருக்கிறது.

அந்தச் சீட்டில் நாங்கள் பேசியதை வெளியில் பேச முடியாது. ஆபரேஷன் செய்துகொண்டது, செய்துகொள்ள மறுத்த வீட்டுக்காரர், எலாஸ்டிக் போன உள்பாவாடை, மாமியார் இருக்கும் வீட்டில் கட்டில் போடும் சத்தம், எல்லாம் வரும். பின் சீட்டுப் பெண்கள் முன்னால் சாய்ந்து கேட்பார்கள். டிரைவர் அண்ணன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். நாங்கள் எங்கள் சத்தத்தைக் கூட்டுவோம்.

இதில் நான் பெரும்பாலும் கேட்கிறவள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, பிறகு பிரிந்து வந்துவிட்டேன். எட்டு வருஷமாக நானும் மகளும் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆனால் கேட்டதைத் திருப்பிச் சொல்ல எனக்கு நன்றாக வரும். யார் எப்படிக் கையை ஆட்டினாள், எங்கே நிறுத்தினாள் என்பதெல்லாம் மனதில் நிற்கும். மதியம் கேன்டீனில், காலையில் பஸ்ஸுக்கு வராதவர்களுக்கு நான்தான் நடித்துக் காட்டுவேன்.

மகளிர் தினத்துக்குக் கம்பெனியில் வருஷா வருஷம் கோலப்போட்டி, எலுமிச்சை ஸ்பூன், பிறகு ஒரு டாக்டர் வந்து ரத்தசோகையைப் பற்றிப் பேசுவார். ஒரு வருஷம் டிரெயினிங் மேடம், "எப்பப் பார்த்தாலும் கோலம்தானா, நீங்க ஏதாவது பேசுங்களேன்" என்று என்னைக் கேட்டார். நான் பாகலூர்க்காரியிடம் போய், "உன் சைக்கிள் டைம் ஜோக்கச் சொல்லிக்கட்டுமா?" என்றேன்.

"எடுத்துக்கோடி. எனக்கு மைக்கப் பாத்தாலே தொண்ட அடைச்சிக்கும்" என்றாள்.

சைக்கிள் டைம் என்றால் ஒரு பீஸ் முடிக்க ஆகும் நேரம். எங்கள் லைனில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அது எழுதித் தொங்கும். கேன்டீனில் போட்டிருந்த மேடையில் ஏறி நான் இப்படிச் சொன்னேன்:

"எங்க லைன்ல ஒருத்தி. உங்க வூட்டுக்காரர் எப்படின்னு கேட்டேன். சைக்கிள் டைம் நாப்பது செகண்டுன்னா. ஏண்டி, லோடிங் அன்லோடிங் இல்லாமயான்னேன். எல்லாம் சேத்திதான்னா. சரி, அவுட்புட்டு? ரெண்டு பீஸு. ரெண்டும் ஓகே பீஸுன்னா."

பின்வரிசைப் பெண்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர்கள் சிரித்து, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். டிரெயினிங் மேடம் ஓடி வந்து மைக்கை வாங்கி, அடுத்தது பரிசளிப்பு என்றார். ரத்தசோகைக்கு வந்திருந்த டாக்டரம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாகலூர்க்காரி வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அவளே சொல்லிவிட்டாள். ஜேசிபி ஓட்டுகிறவர் அவர். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். மறுநாள் அவள் பஸ்ஸில் சொன்னாள்: "ஒண்ணும் திட்டலடி. ஒரு நிமிஷம்னாச்சும் சொல்லியிருக்கலாம்லன்னு கேக்குறாரு."

பத்து நாள் கழித்து டாக்டரம்மா எனக்குப் போன் செய்தார். அவருடைய ஆஸ்பத்திரி மாடியில் ஒரு ஹால் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மாதான் கிடக்கிறதாம். "பெண்கள் மட்டும். ஒரு மணி நேரம் பேசுங்க. நான் ரெண்டு மணி நேரம் கத்தினாலும் ஒருத்தியும் வாயத் திறந்து தன் பிரச்சனையச் சொல்றதில்ல. சிரிச்சாங்கன்னா சொல்லுவாங்க" என்றார்.

நான் ஒரு நோட்டு வாங்கினேன். பஸ்ஸில் யார் என்ன சொன்னாலும் இறங்கியதும் எழுதினேன். பாகலூர்க்காரி, பார்வையாளர்களைப் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்த்துப் பேசலாம் என்றால் மேடைக்கு வருகிறேன் என்றாள். அக்கா முடியவே முடியாது என்றார். "நான் முன்னாடி உக்காந்து கை தட்டறன். என்ன மேல ஏத்தாத. எங்கூட்டு ஆளுங்க எங்க இருப்பாங்கன்னு சொல்ல முடியாது."

இதை அவர் தெளிவாகவே சொன்னார். எனக்கும் தெளிவாகவே கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. எங்கள் கம்பெனிப் பெண்கள், பக்கத்துக் கம்பெனிப் பெண்கள், இரண்டு டீச்சர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், காய் வாங்கிக்கொண்டு போகிற வழியில் பையோடு ஏறி வந்தவர்கள். மேடைக்குப் பின்சுவரில் கர்ப்பப்பையின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. கழற்ற வேண்டாம் என்றோம். பாகலூர்க்காரி அதைக் காட்டி, "இந்த வூட்டுக்கு வாடகை குடுக்காம ஒம்பது மாசம் குடியிருந்துட்டு, வெளிய வந்து என் சமையல் சரியில்லன்றான் என் பையன்" என்றதும் கூட்டம் எங்களுடையதாகிவிட்டது.

பாதி நேரம் போனதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சிரிப்பு வர வர இன்னும் பெரிய சிரிப்பு வேண்டும் என்று தோன்றியது. நோட்டில் எழுதாத ஒன்றைச் சொன்னேன்.

அது அக்கா எங்களுக்குப் பஸ்ஸில் சொன்னது. கல்யாணம் ஆகி ஆறு மாதம் அவருக்கும் கணவருக்கும் இடையில் ஒன்றுமே நடக்கவில்லை. யாருக்கும் தெரியாது. குழந்தை இல்லையே என்று மாமியார் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஒன்பது வெள்ளிக்கிழமை அரசமரத்தைச் சுற்ற வைத்தார். "நானும் சுத்துறன். மனசுக்குள்ள மரத்துக்கிட்டதான் சொன்னன், சாமி, நீயாச்சும் ஏதாச்சும் பண்ணுன்னு" என்று அக்கா சொன்னபோது பஸ்ஸே குலுங்கியது.

நான் மேடையில் பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா என்றேன். ஒரு மண்ணாந்தைக் கணவனாக நடித்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டேன். பிறகு மரத்தைச் சுற்றினேன். அன்றைக்கு விழுந்த மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஒரு நர்ஸ் நாற்காலியில் இருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்து கீழே இறங்கியபோது முன்வரிசையில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எப்போது எழுந்து போனார் என்று நான் பார்க்கவே இல்லை.

பாகலூர்க்காரிதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரிசையில் அக்காவின் நாத்தனார் இருந்திருக்கிறார். கணவரின் தங்கை. ஓசூரில் குடியிருக்கிறார். யாரோ பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவந்திருக்கிறாள். அந்த ஒன்பது வெள்ளிக்கிழமையும் பூஜைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு மரத்தைச் சுற்றியவர் அந்த நாத்தனார்தான்.

"ஆள் பேரு சொல்லலியேடி" என்றேன்.

"மரத்தச் சொன்னியே" என்றாள். "அய்யோ தேவ்ரே, என்கிட்ட கேட்ட, நான் எடுத்துக்கோன்னேன். அவங்ககிட்ட கேட்டியா? வேண்டாம்னு வேற சொன்னாங்க."

மறுநாள் காலையில் பஸ் வந்தபோது எங்கள் சீட்டில் பை இல்லை. அக்கா டிரைவருக்குப் பின்னால், தனியாக ஒரு சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மதியம் வேறு மேசை. என் முன்னால் வந்த ஒயர் கட்டுகளில் அவர் சுற்றிய டேப் எது என்று எனக்குத் தெரியும், அவ்வளவு நேராக வேறு யாருக்கும் வராது. அதில் ஸ்டிக்கர் ஒட்டும்போதெல்லாம் ஏதாவது பேசலாமா என்று பார்ப்பேன். அவர் தலையைத் தூக்கமாட்டார். மூன்று வாரம் இப்படிப் போனது. பஸ்ஸில் யாரும் எதுவும் பேசவில்லை. டிரைவர் அண்ணன் பாட்டை மெதுவாகவே வைத்தார்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டைக்கு டவுன் பஸ் ஏறினேன். அதுவரை அக்கா வீட்டுக்கு நான் போனதில்லை. ஒரே டப்பாவில் மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறோம், ஒரே சீப்பில் தலை வாரியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வா என்று அவரும் கூப்பிட்டதில்லை, வரட்டுமா என்று நானும் கேட்டதில்லை. என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தான். அம்மா கல்யாணத்துக்கு முன்பு இப்படிப்பட்ட தோட்டங்களில் கூலிக்குத் தக்காளி பறித்தவர். அந்த வீடுகளுக்குள் அவர் போனதில்லை. இதெல்லாம் அக்காவுக்கும் எனக்கும் தெரியும். பஸ்ஸுக்குள் இருக்கும்வரை அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை வரவில்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. உள்ளே யாரோ, "யாரது?" என்று கேட்டார்கள். "கம்பெனிப் பொண்ணு அத்த" என்று சொல்லிவிட்டு, "வா" என்று தோட்டத்துப் பக்கம் நடந்தார். தோட்டத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. பறித்த தக்காளியைக் கொட்டித் தரம் பிரிக்கும் இடம். உள்ளே காலி கிரேட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். வீட்டுக்குள் கூப்பிடாமல் இங்கே கூட்டிவந்துவிட்டாரே என்று எனக்கு உள்ளே சுருக்கென்றது. வந்த காரியம் மன்னிப்புக் கேட்பது, அதனால் அதை ஓரமாக வைத்தேன்.

"தப்புப் பண்ணிட்டேங்க்கா. உங்களக் கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "அதவிட ஒண்ணு இருக்குது. நீ அவரக் குறட்ட விட வெச்ச. அவரு குறட்ட விட்ட ஆளா? ஆறு மாசம் அந்த மனுஷன் தூங்கவே இல்லடி" என்றார்.

அப்போதுதான் கதையின் மீதியைச் சொன்னார். கல்யாணமான புதிதில் வீடு ஒரே அறை. நடுவில் பழைய சேலை ஒன்றைக் கட்டி மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மாமியார். இந்தப் பக்கம் கணவர் கை நீட்டினால் அந்தப் பக்கம் இருமல் வரும். ஆறு மாதம் அப்படியே போனது. அவருக்கும் வெட்கம், இவருக்கும் பயம். ஏழாவது மாதம் ஒரு நாள் மத்தியானம், மண்டிக்கு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் அக்காவிடம், "கொட்டாய்ல தக்காளி பிரிக்கணும், வரியா?" என்று கேட்டிருக்கிறார்.

"பிரிக்கறதுக்கு ஒரு பழம் கூட மிச்சமில்ல. எல்லாம் லோடுல போயிடுச்சி. எனக்குத் தெரியாதா? வரன்னேன்."

அக்கா கொட்டாயைச் சுற்றிப் பார்த்தார். "இங்கதான். அப்ப கீத்து வேஞ்சிருந்துச்சி. அப்புறம் ஒரு மாசத்துக்கு எனக்குத் தக்காளி வாசன வந்தாலே மொகம் செவந்துடும். கொழம்பு வெக்க முடியல. என்னடி எப்பப் பாத்தாலும் புளிச்சாறுன்னு அத்த திட்றாங்க."

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்காவும் சிரித்தார். அவர் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிவந்தது அதைக் காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் வீட்டுக்குள் இருந்ததால் வேறு ஒரு காரணமும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

"பஸ்ல மரம் வரைக்கும்தான் சொல்லியிருக்கன். மீதி எங்களுக்குன்னு வெச்சிருந்தன்" என்றார். பிறகு, கிளம்பும்போது, "ஏண்டி, எல்லார் கதையும் சொல்ற. உன்னுது எங்க?" என்று கேட்டார்.

"எனக்கு என்னக்கா இருக்குது?"

"யோசி" என்றார்.

மறுநாள் காலையில் சீட்டில் பை இருந்தது. ஒரு வாரம் கழித்து அக்கா, தானே மேடையில் அதைச் சொல்வதாகச் சொன்னார். நாத்தனார் அரைக் கதையைக் கேட்டுவிட்டார், முழுக் கதையையும் கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். கணவரிடமும் கேட்டுவிட்டாராம். அவர் தக்காளி விதைப் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே, "நடுவுல சேல கட்டியிருந்ததச் சொல்லிடு. அதச் சொல்லலன்னா என்னத் தப்பா நெனைப்பாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டாவது நிகழ்ச்சியில் அக்கா மைக் முன்னால் நின்று முதல் வாக்கியத்திலேயே உறைந்துபோனார். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாகலூர்க்காரிதான் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து ஒட்டி ஒட்டிப் போட்டாள். அக்காவை ஜன்னல் பக்கம் என்று சொல்லி ஓரத்தில் உட்கார வைத்தாள், நடுவில் அவள், இந்த ஓரத்தில் நான். "ம், சொல்லுங்க, சூளகிரி தாண்டிடுச்சி" என்றாள். அக்கா அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கூட்டத்தை மறந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் நிகழ்ச்சி மூன்று நாற்காலியில்தான் நடக்கிறது.

நாத்தனார் வந்திருந்தார். இருமல் வந்த இடத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எனக்குப் பயம். முடிந்ததும் நேராக மேடைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்து, "அண்ணி, அம்மாவுக்கு இருமலே கெடையாது. நானும் அந்தப் பக்கந்தான படுத்திருந்தேன்" என்றார்.

"இத்தன வருஷமா அத்தைக்குக் கஷாயம் வெச்சிக் குடுத்திருக்கன்" என்றார் அக்கா.

டாக்டரம்மா நினைத்தது நடந்தது. நிகழ்ச்சி முடிந்தால் கீழே அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனியில் டிரெயினிங் மேடம் என்னைக் கூப்பிட்டு, வெளியே எங்கேயும் கம்பெனி பெயரைச் சொல்லாதீர்கள் என்றார். சொன்னதில்லை என்றேன். அடுத்தது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டுக்கொண்டார்.

அக்கா கேட்ட கேள்விக்கு எனக்குப் பல மாதம் பதில் கிடைக்கவில்லை. கணவரைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தனியாக இருக்கிறவளுக்கு இதில் என்ன கதை இருக்க முடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் அது கடையில் நடந்தது. நடந்த அடுத்த நிகழ்ச்சியிலேயே, யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், மூன்றாவது நாற்காலியில் இருந்து சொன்னேன்.

"மகள் ஸ்கூல் விழாவுக்குப் போகணும்னு ஜாக்கெட் தெக்கக் குடுக்கப் போனேன். எப்பவும் அளவு ஜாக்கெட்டக் குடுத்துட்டு வந்துடுவேன். அன்னிக்கு எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். தையக்காரருக்கு எழுபது வயசு இருக்கும். காதுல பென்சில், கண்ணுல சோடாப்புட்டிக் கண்ணாடி. சரி, நில்லும்மான்னு டேப்ப எடுத்து இடுப்பச் சுத்துனாரு. வெரல் லேசாப் பட்டுச்சி. எட்டு வருஷம் கழிச்சி என் இடுப்புல ஒரு கை. அவரு இருபத்தெட்டரைன்னு எழுதிக்கினாரு. நான் சொன்னேன்: ஐயா, நான் மூணு ஜாக்கெட் துணி கொண்டாந்திருக்கேன். மூணுக்கும் தனித்தனியா அளந்துடுங்க."

சிரிப்பு வந்தது. ஆனால் ஒரே நேரத்தில் வரவில்லை. முன்னால் இருந்தவர்கள் உடனே சிரித்தார்கள். பின்னால் சிலர் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, பிறகு மெதுவாகச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாகலூர்க்காரி அவள் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டாள். அக்கா அவளைத் தாண்டிக் கையை நீட்டி என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, "இருபத்தெட்டரைன்றது பொய்" என்றார். அதற்குத்தான் ஹால் மொத்தமும் சிரித்தது.

மறுநாள் காலை பஸ் சூளகிரி தாண்டுவதற்குள் நான்கு பேர் முன்னால் சாய்ந்து, தையல் கடை எங்கே என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.